ஸ்பேம் புகாரும் பொய்ப் புகாரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில் 11 சிறிய அமைப்புகளுக்கு நானும் இரண்டு நண்பர்களும் மின்னஞ்சல் சர்வர் பார்த்துக்கொள்கிறோம். இரண்டு தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள், ஒரு கோயில் செயற்குழு, ஓர் இளைஞர் மன்றம், லிட்டில் இந்தியாவில் மூன்று கடைகள், பிறையில் ஒரு லாரி கம்பெனி என்று கலந்துகட்டிய கூட்டம். மொத்தம் 700 சொச்சம் அஞ்சல் பெட்டிகள். குப்பை அஞ்சலை எல்லாரும் சேர்ந்து பிடிக்கிறோம்: ஒருவர் ‘ஸ்பேம்’ என்று சொல்வது மற்றவர்களுக்கும் உதவும்படி அமைத்திருக்கிறோம்.

இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் தப்பான புகார் ஒன்று புகுந்தால் எல்லாருக்கும் சேர்த்துத்தான் தலைவலி. கூட்டத்திலும், ஒட்டுக்கடையில் தே குடிக்கும்போதும், ராத்திரி 11 மணிக்கு வாட்ஸ்அப்பிலும் ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதியிருக்கிறேன்.

அண்ணே, ஸ்பேம்னு ஒரு தடவை அமுக்கினா உள்ள என்னதான் நடக்குது?

இரண்டு வேலை நடக்கிறது. அந்த அஞ்சல் உங்கள் பெட்டியை விட்டுப் போகிறது; இது உங்கள் சொந்த விஷயம், யாரும் கேட்கப்போவதில்லை. கூடவே, அந்த அஞ்சலுக்கு எதிராக நீங்கள் சாட்சி சொல்லிவிட்டீர்கள். அதே அஞ்சல் வரும் மற்றவர்களுக்கும் அதைக் குப்பையில் போடலாமா என்ற கணக்கில் உங்கள் சொல் சேர்ந்துவிடுகிறது.

பலருக்கு முதல் வேலை மட்டும்தான் தெரியும். பொத்தானில் ‘சாட்சி சொல்’ என்று எழுதியிருந்தால் நாம் கொஞ்சம் யோசித்துத்தான் கை வைப்போம்.

எல்லாரும் சேர்ந்து வடிகட்டுறதுன்னா, என் லெட்டரை எல்லாரும் படிப்பாங்களா?

மாட்டார்கள். அஞ்சல் வெளியே போவதில்லை, அதன் கைரேகைதான் போகிறது. எழுத்துகளை ஒரு கணக்கில் போட்டு எடுக்கும் நீளமான எண்தான் அந்தக் கைரேகை. எண்ணை வைத்துக்கொண்டு அஞ்சலைத் திரும்ப எழுத முடியாது. ஆனால் அதே அஞ்சல் இன்னொருவருக்கு வந்தால் அதே எண்தான் வரும். நாலு பேர் அந்த எண்ணைக் காட்டிக் குப்பை என்று சொல்லியிருந்தால், ஐந்தாவது ஆளின் வாசலிலேயே பிடித்துவிடலாம்.

யோசனை புதிதில்லை. 1998இல் விபுல் வேத் பிரகாஷ் தொடங்கிய ரேசர் என்ற கூட்டு வடிகட்டி இப்படித்தான் வேலை செய்தது. அதே வழியில் பைசர் வந்தது. டி.சி.சி. என்ற இன்னொன்றும் உண்டு. ஆனால் அதன் கேள்வியே வேறு. ‘இது குப்பையா?’ என்று அது கேட்பதில்லை, ‘இது எத்தனை பேருக்குப் போயிருக்கிறது?’ என்று மட்டும் எண்ணுகிறது. 1,000 பேருக்குப் போன தீபாவளி வாழ்த்தும் 1,000 பேருக்குப் போன மாத்திரை விளம்பரமும் அதற்கு ஒன்றுதான். நாம் விரும்பி வாங்கும் மடல்களை நாமே விலக்குப் பட்டியலில் எழுதி வைக்கவேண்டும். இதைத் தெரியாமல் டி.சி.சி. மீது பழி போடுகிறவர்கள் நிறைய.

தப்பான புகார்னா யாரோ வேணும்னே செய்றதுதானே?

வேண்டுமென்றே செய்வது உண்டு, ஆனால் என் அனுபவத்தில் அது கொஞ்சம்தான். பத்து மாதம் முன்பு சந்தா போட்டதை மறந்துவிட்டு ‘இவன் யார்’ என்று அமுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். கைப்பேசியில் விரல் நழுவி அமுக்குகிறவர்கள், நீக்கு என்பதும் ஸ்பேம் என்பதும் ஒன்றே என்று நினைக்கிறவர்கள், அனுப்பியவர் மேல் இருக்கும் கோபத்தை அஞ்சல் மேல் காட்டுகிறவர்கள்... எல்லாம் உண்டு. எனக்கு வந்ததில் சிறந்தது: தமிழ்ப்பள்ளிப் பரிசளிப்பு விழா அழைப்பைக் குப்பை என்று சொன்ன ஒரு அப்பா. ஏன் என்று கேட்டால், ‘நேரம் தப்பா போட்டிருக்காங்க தம்பி’ என்றார்.

அதனால் பொய்ப் புகாரைத் தடுப்பது என்றால் திருடனைப் பிடிக்கும் வேலை என்று நினைத்துக்கொண்டு இறங்கக்கூடாது. நல்ல மனிதர்களின் அவசரத்தையும் மறதியையும் தாங்குகிற மாதிரிதான் முதலில் கட்டவேண்டும். அது நின்றபிறகு திருடனைப் பார்க்கலாம்.

மடல் வேண்டாம்னா ஸ்பேம்னு அமுக்கிடுறேன். அதுதானே சுலபம்? அதுல என்ன தப்பு?

சுலபம்தான், ஒத்துக்கொள்கிறேன். சந்தாவை நிறுத்தும் சுட்டி பல மடல்களில் அடியில், எறும்பு எழுத்தில், சாம்பல் நிறத்தில் இருக்கிறது. இதில் அனுப்புகிறவர்கள் பக்கமே குற்றம் அதிகம். அதனால்தான் 2017இல் ஆர்.எஃப்.சி. 8058 என்ற இணையத் தரவிதி வந்தது: அஞ்சலின் தலைப்பகுதியிலேயே இரண்டு வரி வைத்தால், அஞ்சல் செயலி மேலேயே ‘சந்தாவை நிறுத்து’ என்ற பொத்தானைக் காட்டும், ஒரே அமுக்கில் வேலை முடியும். 2024இல், ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000க்கு மேல் அனுப்புகிறவர்கள் விளம்பர மடல்களுக்கும் சந்தா மடல்களுக்கும் இதைச் செய்தே ஆகவேண்டும் என்று கூகுள் கட்டாயமாக்கியது.

அதே விதிகளில் இன்னொன்றும் இருக்கிறது. அனுப்புகிறவர் மீதான ஸ்பேம் புகார் 0.3 விழுக்காட்டைத் தொடக்கூடாது, 0.1க்குக் கீழே வைத்துக்கொள்வது நல்லது. உங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்க மடல் 640 பேருக்குப் போகிறது. இரண்டே பேர் அமுக்கினால் 0.31. ஒரு குடும்பத்தில் கணவனும் மனைவியும் சோம்பல் பட்டால் போதும், எல்லை தாண்டியாயிற்று. தெரிந்தவர்கள் அனுப்பும் மடல் என்றால் சந்தாவை நிறுத்துங்கள். முன்பின் தெரியாதவன் அனுப்பியதில் எந்தச் சுட்டியையும் தொடாமல் ஸ்பேம் என்று அமுக்குங்கள்.

தைப்பூசத்துக்கு நம்ம பந்தல் லெட்டர் காணாம போச்சே, உண்மையில என்னதான் ஆச்சு?

பலருக்கு அரைகுறையாகத் தெரியும், முழுதாகச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் நம் குழு தண்ணீர்ப் பந்தல் போடுகிறது. யார் எந்த நேரம், ஐஸ் யார் கொண்டுவருவது, சிராப் கலக்குவது யார் என்ற பட்டியல் மூன்று நாள் முன்பு 58 பேருக்கு அஞ்சலில் போனது. அந்தப் பட்டியலில் ஒரு மூத்த உறுப்பினரின் பெயர் விட்டுப்போயிருந்தது. 14 வருடம் பந்தலில் நின்றவர். கோபம் வருமா வராதா? அவர், அவர் வீட்டம்மா, இரண்டு பிள்ளைகள் என ஒரே வீட்டில் நாலு பெட்டியிலிருந்து பத்து நிமிடத்துக்குள் நாலு ஸ்பேம் புகார்.

அப்போது எங்கள் கணக்கு மடத்தனமானது: மூன்று புகார் வந்தால் எல்லாருக்கும் குப்பை. அதுவரை அஞ்சலைத் திறக்காதவர்களின் பெட்டியிலிருந்தும் அது ஜங்க்கில் போய் உட்கார்ந்துகொண்டது. தைப்பூசத்தன்று விடியற்காலை 5 மணிக்குப் பந்தலில் நாலு பேர்தான் இருந்தோம். ஐஸ் வரவில்லை. காவடிகள் வரத் தொடங்கிவிட்டன. மற்றவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டால், ‘லெட்டரே வரலையே’ என்கிறார்கள்.

அந்தப் பெரியவரை நான் குறை சொல்லமாட்டேன். கோபத்தில் இருக்கும் ஒரு வீடு, 58 பேரின் அஞ்சலை நிறுத்த முடிகிற மாதிரி அமைத்தது நாங்கள்தான். இதற்குப் பிறகு சொல்லப்போகும் ஏற்பாடெல்லாம் அந்தக் காலையில் ஐஸ் இல்லாமல் நின்றதிலிருந்து வந்தது.

நாலு பேர் சொன்னா நாலு ஓட்டுதானே? ஓட்டுரிமைன்னு ஒண்ணு இருக்குல்ல?

தேர்தல் வேறு, சாட்சி வேறு. தேர்தலில் ஒரே வீட்டு நாலு பேரும் தனித்தனி வாக்காளர்கள். ஒரு விபத்தை ஒரே காரில் இருந்த நாலு பேர் பார்த்திருந்தால், அவர்கள் சொல்வது கிட்டத்தட்ட ஒரே கதையாக இருக்கும். எதிர்ப்புறம் நின்ற ஒரு தேக்கடைக்காரர் அதையே சொன்னால்தான் வலு. நாங்கள் தேடுவது ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளாமல் ஒரே முடிவுக்கு வந்தவர்களை.

அதனால் இப்போது ஒரே இணைய இணைப்பிலிருந்தோ ஒரே வீட்டுக் கணக்குகளிலிருந்தோ வரும் புகார்களில் வலுவான ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். மற்றவை பதிவில் இருக்கும், கூட்டலில் சேராது. ஒரே அலுவலக வைஃபையில் இருப்பவர்களுக்கு இது கொஞ்சம் அநியாயம் என்று லாரி கம்பெனியில் சொன்னார்கள். உண்மைதான். அந்த அநியாயத்தோடு வாழ முடிகிறது.

ஒருத்தர் சொல்லுக்கு எவ்வளவு மதிப்புன்னு எப்படிக் கணக்கு பண்றீங்க?

ரேசரின் இரண்டாம் பதிப்பு வந்தபோதே இதற்கு வழி செய்திருந்தார்கள். புகார் செய்யப் பதிவு செய்துகொள்ளவேண்டும், நீங்கள் சொன்னது மற்றவர்கள் சொன்னதோடு ஒத்துப்போகப் போக உங்கள் சொல்லுக்கு எடை கூடும், முரண்பட்டால் குறையும். பைசரில் அப்படி எடை கிடையாது, எத்தனை பேர் குப்பை என்றார்கள், எத்தனை பேர் நல்லது என்றார்கள் என்ற இரண்டு எண்ணிக்கைதான்.

எங்களுடையது ரேசரைப் பார்த்துச் செய்த சிறிய கணக்கு. புதிதாகச் சேர்பவரின் எடை 0.1. அவர் செய்த புகார் சரி என்று தெரிந்தால் ஒவ்வொன்றுக்கும் 0.05 கூடும். தப்பு என்று தெரிந்தால் 0.25 குறையும், பூஜ்யத்துக்குக் கீழே போகாது. உச்சம் 1. ஓர் அஞ்சலுக்கு எதிரான எடை கூடி 3 ஆனால்தான் எல்லாருக்கும் குப்பை. அதாவது உச்சத்துக்குப் போக 18 சரியான புகார் வேண்டும். ஒரு தப்பு ஐந்து சரியைத் தின்றுவிடும்.

ஏன் இவ்வளவு கடுமை என்று கேட்பவர்களுக்கு: ஒரு குப்பை தப்பி உள்ளே வந்தால் இரண்டு விநாடியில் நீக்கிவிடுவீர்கள். ஒரு நேர்காணல் கடிதம் குப்பையில் போனால் அந்த வேலை போயிற்று. இரண்டும் ஒரே அளவு தப்பு என்று வைத்தால் கணக்கே கோணல்.

அது சரி, புகார் தப்புன்னு முடிவு பண்றது யாரு? நீங்கதானே? அப்ப நீங்க வெச்சதுதான் சட்டமா?

இந்தப் பக்கத்திலேயே நல்ல கேள்வி இது. முதல் முடிவு எங்களுடையது கிடையாது. அதே அஞ்சல் வந்த மற்றவர்கள் அதைத் திறந்து, பதில் எழுதி, ‘இது ஸ்பேம் இல்லை’ என்று மீட்டிருந்தால் அதுவே பதில். எந்தப் பக்கமும் தெளிவாக இல்லாவிட்டால் மூன்று பேர் பார்க்கிறோம். அந்த மூன்று பேரில் நான் ஒருவன், மற்ற இருவரும் இரண்டு வேறு அமைப்புகளைச் சேர்ந்தவர்கள். புகார் செய்தவர் சம்மதித்தால் மட்டுமே அஞ்சலின் உள்ளடக்கத்தைத் திறப்போம்.

ஆனால் சில அஞ்சல்களுக்குச் சரி தப்பே கிடையாது. நேரடி விற்பனை செய்யும் ஓர் அக்காவின் வார மடலை 20 பேர் ஆசையாகப் படிக்கிறார்கள், 9 பேருக்கு எரிச்சல். இரண்டு பக்கமும் பொய் சொல்லவில்லை. இப்படிப் பிளவு வந்தால் கூட்டு முடிவே எடுப்பதில்லை: எரிச்சல் பட்டவர் பெட்டியில் மட்டும் குப்பை, மற்றவர்களுக்கு வழக்கம்போல. யாருடைய எடையும் குறையாது. ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்பதைப் பொய்ப் புகார் என்று எண்ணினால் ஆள்கள் புகார் செய்வதையே விட்டுவிடுவார்கள். அப்புறம் வடிகட்டி ஏது?

புதுசா சேர்ந்தவன் சொல்லுக்கு 0.1தானா? எங்களை ஏன் ரெண்டாம்தரமா நடத்துறீங்க?

மனம் வலிக்கும் என்று தெரியும். ஆனால் புதிய கணக்கு தொடங்க ஒரு நிமிடம், ஒரு சென் செலவில்லை. புதியவருக்கும் எடை 1 என்று வைத்தால், என் கடைக்கு எதிர்க்கடைக்காரர் மூன்று கணக்கு தொடங்கி என் தீபாவளித் தள்ளுபடி மடலை முடித்துவிடலாம். 0.1 என்றால் அவருக்கு 30 கணக்கு வேண்டும், அதுவும் 30 வெவ்வேறு இணைப்புகளில். 2002இல் ஜான் டௌசர் இதையே ஒரு கட்டுரையில் ஆராய்ந்தார்: அடையாளத்தை உறுதிசெய்யும் பொதுவான ஓர் அதிகாரம் இல்லாத இடத்தில், ஒரே ஆள் பல ஆள்களாக வேடம் போடுவதை முழுதாகத் தடுக்க முடியாது. முடிந்தது ஒன்றுதான், வேடம் போடுவதைச் செலவுள்ளதாக்கலாம்.

எங்களுக்கு ஒரு வசதி, எல்லாரும் ஏதோ ஓர் அமைப்பின் உறுப்பினர். செயலாளர் ‘இவரை எனக்குத் தெரியும்’ என்று சொன்னால் 0.3இல் தொடங்குகிறோம்.

நல்ல பேர் வாங்கிட்டு அப்புறம் ஒருத்தன் கவுத்துட்டா என்ன செய்வீங்க?

செய்யக்கூடியதுதான். யாருக்கும் தெரிந்த குப்பைகளை நூறு நூறாகப் புகார் செய்து எடையை ஏற்றிக்கொண்டு, ஒரு நாள் அதைப் போட்டிக்காரன் மேல் இறக்கலாம். இதைத் தடுக்க எடை ஏற்றும் வழியைக் குறுக்கினோம். ஏற்கெனவே குப்பை என்று முடிவான அஞ்சலைப் புகார் செய்தால் நன்றி உண்டு, எடை கிடையாது. முடிவாகும் முன்பே சொன்னவருக்கு மட்டும்தான் 0.05. ஊரே சொன்னபிறகு சேர்ந்துகொள்வதற்கு என்ன சாமர்த்தியம் வேண்டும்?

இன்னொன்று, உச்சம் 1 என்பதே ஒரு பூட்டு. 20 வருடம் தப்பே செய்யாதவரும் தனியாக எதையும் குப்பையாக்க முடியாது, இன்னும் இரண்டு பேர் வேண்டும். எனக்கும் அதே பூட்டுதான். போன வருடம் அவசரத்தில் ஒரு கடையின் பாக்கி நினைவூட்டலைப் புகார் செய்து 0.25 இழந்தேன். பாக்கி வைத்திருந்தது நான்.

ஸ்பேம் அனுப்புறவனே பத்து கணக்கு வெச்சு ‘இது ஸ்பேம் இல்லை’ன்னு சொல்ல மாட்டானா?

சொல்கிறான், அதுவும் பெரிய அளவில். 2017 நவம்பர் கடைசியிலிருந்து 2018 தொடக்கம் வரை, ஜிமெயில் வடிகட்டியைத் திசைதிருப்பப் பெருங்கூட்டமாகக் கணக்குகளை வைத்து ஸ்பேமை ‘ஸ்பேம் இல்லை’ என்று மீட்கும் முயற்சி குறைந்தது நாலு தடவை நடந்ததாகக் கூகுளில் வேலை செய்பவர்களே எழுதியிருக்கிறார்கள். பொய்ப் புகார் என்றால் எல்லாரும் நல்லதைக் கெட்டது என்று சொல்வதையே நினைக்கிறோம். கெட்டதை நல்லது என்று சொல்வதும் பொய்ச் சாட்சிதான். எங்கள் கணக்கில் இரண்டுக்கும் ஒரே எடை, ஒரே வீட்டு விதி, ஒரே அபராதம்.

என் பேர்ல யாரோ குப்பை அனுப்பினா புகார் என் தலையிலயா விழும்?

விழக்கூடாது. அனுப்புநர் முகவரி என்பது உறைக்குப் பின்னால் எழுதும் விலாசம் மாதிரி, யார் வேண்டுமானாலும் யார் பெயரையும் எழுதலாம். 1997இல் அமெரிக்காவில் ஜோ என்பவர் நடத்திய இணையப் பக்கச் சேவையில், ஸ்பேம் அனுப்பியதற்காக ஒருவரின் கணக்கை மூடினார்கள். அவர் பழிவாங்க ஜோவின் பெயரிலேயே குப்பை அனுப்பிவிட்டார். ஊர்க் கோபமெல்லாம் ஜோவின் தலையில். இந்த வித்தைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

அதனால் முகவரியைப் பார்த்துப் புகார் எழுதுவதில்லை. டி.கே.ஐ.எம். என்பது அனுப்பும் டொமைன், அதாவது இணையப் பெயர், அஞ்சலில் சேர்க்கும் மின்னணுக் கையெழுத்து. அது சரியாக இருந்தால் அந்தக் கையெழுத்துக்கு உரிய டொமைன் மீது எழுதுகிறோம். இல்லாவிட்டால் எந்தச் சர்வரிலிருந்து வந்ததோ அதன் ஐ.பி. எண் மீது. உங்கள் அமைப்பின் அஞ்சலில் அந்தக் கையெழுத்து இன்னும் இல்லை என்றால் இந்த வாரமே சொல்லுங்கள், அரை மணி நேர வேலை.

எங்க தமிழ் லெட்டர் மட்டும் ஏன் அடிக்கடி மாட்டுது? தமிழ்னா இளக்காரமா?

இரண்டு காரணம், இரண்டிலும் இளக்காரம் கிடையாது. முதலாவது, படிக்கத் தெரியாதவர் செய்யும் புகார். கடையின் பொதுப் பெட்டியை மூன்று பேர் பார்க்கிறார்கள்; அதில் சீன நண்பர் ஒருவருக்குத் தமிழ் மடல் வெறும் வளைவுகள், அமுக்கிவிடுகிறார். நாமும் யோக்கியமில்லை. பாயான் லெபாஸ் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும் நம் பையன், ஜப்பானிய மொழியில் வந்த அஞ்சலை ஸ்பேம் என்று அமுக்கினான். அது அவனுடைய மேலாளர் இரண்டு வாரமாகக் காத்திருந்த விலைப்பட்டியல். இப்போது பதிவில் ஒவ்வொருவரும் தமக்குப் படிக்கத் தெரிந்த மொழிகளைச் சொல்லவேண்டும். தெரியாத மொழியில் செய்யும் புகார் அவர் பெட்டியோடு நிற்கும்.

இரண்டாவது காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது. எழுத்துகளைக் கணினி எண்களாகச் சேமிக்கும் யூனிகோட் யூ.டி.எஃப். 8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட், அதாவது மூன்று எண். அதில் முதல் பைட் எப்போதும் ஒன்றேதான், இரண்டாவதில் இரண்டே வகை, மூன்றாவதில்தான் உண்மையான வேறுபாடு. பைட்டுகளை வைத்து ‘இது அதைப் போல இருக்கிறது’ என்று தோராயமாக ஒப்பிடும் கைரேகை முறைக்கு, எந்த இரண்டு தமிழ் அஞ்சலும் அண்ணன் தம்பி மாதிரித் தெரியும். ஒரு தமிழ் ஸ்பேம் புகாரில் மாட்டினால் பக்கத்து வீட்டுக் கல்யாணப் பத்திரிகையும் கூடவே போகும். பைட்டை விட்டுவிட்டு எழுத்தாகப் பிரித்து, சொற்களாக எடுத்துக் கைரேகை போட்டதும் அது நின்றது.

மனுஷங்களை நம்பாம பொறி முகவரி மட்டும் வெச்சா போதாதா?

பொறி முகவரி என்றால் யாருக்கும் சொல்லாத முகவரி. அதற்கு வரும் எதுவும் கேட்காமல் வந்ததுதான், அதனால் நம்பலாம் என்பது கணக்கு. அதற்கு மறதி கிடையாது, கோபம் கிடையாது. ஆனால் வெளியே தெரிந்துவிட்டால், பொல்லாதவன் ஒருவன் அதைக் கொண்டுபோய் உங்கள் மடலின் சந்தாப் பெட்டியில் எழுதிவிடலாம். அடுத்த மடல் பொறியில் விழும், நீங்கள் திருடன். சந்தா போட்டதும் ‘நீங்கள்தானா?’ என்று ஓர் அஞ்சல் அனுப்பி, அவர் உறுதிசெய்த பிறகே சேர்த்துக்கொள்ளும் மடலுக்கு இந்த ஆபத்து இல்லை. பொறி பதில் அமுக்காது.

ஒவ்வொரு ஊருக்கும் ஏற்ற குப்பையையும் பொறி பிடிக்காது. நம் உறுப்பினர் பட்டியலைத் திருடி நமக்கு மட்டும் அனுப்புகிறவனை நாம்தான் பார்க்கிறோம்.

கை தவறி அமுக்கிட்டேன் தம்பி. போச்சா?

போகவில்லை அம்மா. ஜங்க் பெட்டியில் அதைத் திறந்து ‘ஸ்பேம் இல்லை’ என்று அமுக்குங்கள். 24 மணி நேரத்துக்குள் நீங்களே திருத்தினால் எடையும் குறையாது. புகார் செய்ய ஒரு அமுக்கு, திரும்ப எடுக்க ஐந்து அமுக்கு என்று இருந்தால் யாரும் திரும்ப எடுக்கமாட்டார்கள் என்பதால் இரண்டையும் ஒன்றாக்கினோம்.

எங்க மடல் மாட்டிக்கிச்சு. நாங்க குப்பை இல்லைன்னு எப்படி நிரூபிக்கிறது? காலம் முழுக்க அப்படியேதானா?

காலம் முழுக்க இல்லை. ஸ்பேம் அனுப்பும் சர்வர்களைப் பட்டியலிடும் ஸ்பேம்காப் சேவையில் புதிய புகார் வராமல் நின்றால் ஏறத்தாழ 24 மணி நேரத்தில் பெயர் தானாக விழுந்துவிடும். நாங்கள் ஏழு நாள் வைத்திருக்கிறோம், ஆள் குறைவு என்பதால். அதற்கு முன்பே எடுக்கவேண்டும் என்றால், யார் எந்தத் தேதியில் எப்படிச் சந்தா போட்டார்கள் என்ற பதிவைக் காட்டுங்கள். ‘எல்லாரும் நமக்குத் தெரிந்தவங்கதான்’ என்பது பதிவு ஆகாது. கல்யாண மொய்ப் பட்டியலிலிருந்து முகவரி எடுத்துக் கடை மடல் அனுப்பியவர் ஒருவர் இப்படித்தான் வாதாடினார். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 43ஆம் பிரிவுப்படி, நேரடி விளம்பரத்துக்கு என் விவரங்களைப் பயன்படுத்தாதே என்று சொல்ல யாருக்கும் உரிமை உண்டு என்பதையும் அவருக்குச் சொன்னேன். அந்தப் புகார்கள் பொய் இல்லை.

வங்கி பேர்ல மோசடி லெட்டர் வந்தா உங்ககிட்ட புகார் பண்ணா போதுமா?

போதாது. எங்களால் அடுத்தவர் பெட்டிக்குப் போகாமல் தடுக்கத்தான் முடியும். பணமோ அட்டை எண்ணோ கொடுத்துவிட்டீர்கள் என்றால் உடனே உங்கள் வங்கிக்கும் 997க்கும் அழையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடி உதவி மையத்தின் எண் அது. எங்களுக்கு அப்புறம் சொல்லலாம்.

யார் புகார் பண்ணாங்கன்னு பேரை மட்டும் சொல்லுங்க, நான் பேசிக்கிறேன்.

இதை இரண்டு தலைவர்களும் ஒரு பொருளாளரும் கேட்டிருக்கிறார்கள். மாட்டேன். பெயர் வெளியே போகும் என்று தெரிந்தால் நாளைக்கு யாரும் உண்மைப் புகாரும் செய்யமாட்டார்கள். நம் கூட்டத்தில் எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு வகையில் மாமன் மச்சான் வேறு. பெரிய சேவைகள் பல, புகாரை, மடல் அனுப்பியவருக்குத் திருப்பும்போதுகூட புகார் செய்தவரின் முகவரியை மறைத்துத்தான் அனுப்புகின்றன. எத்தனை புகார், என்ன எடை, எந்த நாள் என்பதைச் சொல்கிறேன். அதற்கு மேல் ஒரு தே வாங்கிக் கொடுத்தாலும் வராது.

அந்தத் தைப்பூச ஆள் இன்னும் உங்க கணக்குல இருக்காரா?

இருக்கிறார். அடுத்த கூட்டத்தில் அவரே எழுந்து ‘நான்தான் செய்தேன்’ என்று சொல்லிவிட்டதால் இதை எழுதலாம், எழுதட்டுமா என்று அவரையும் கேட்டுவிட்டேன். அந்த வீட்டின் நாலு பெட்டிகளையும் பூஜ்யத்தில் வைத்தோம். இப்போது அவருடையது 0.35, அதாவது ஏழு புகார் சரியாகச் சொல்லியிருக்கிறார்.

போன மாதம் ஒரு பார்சல் மோசடி அஞ்சல் வந்தது: டெலிவரி கட்டணம் 5 வெள்ளி பாக்கி, அட்டை எண்ணைப் போடுங்கள் என்று. காலை 6:10க்கு முதலில் புகார் செய்தவர் அவர்தான். 7 மணிக்குள் உச்ச எடையுள்ள இன்னும் இரண்டு பேர் சொன்னார்கள். மொத்தம் 2.35, மூன்றைத் தொடவில்லை. நாலாவது ஆள் 0.8 எடையோடு 9:20க்குத்தான் எழுந்து பார்த்தார். நடுவில் 8 மணிக்குக் கடையில் வேலை செய்யும் ஓர் அக்கா அட்டை எண்ணைப் போட்டுவிட்டார். வங்கிக்கு உடனே அழைத்ததால் அட்டையை முடக்கினார்கள், பணம் போகவில்லை. பெரியவரின் எடை பழையபடி 1 ஆக இருந்திருந்தால் 7 மணிக்கே பிடித்திருக்கும். தப்புக்கு 0.25 குறைப்பது அதிகமோ என்று மூன்று பேரும் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்.